பல்லடம் பக்கம் ஒரு கோழிச்செட்டை தூக்குன சுழிக்காத்து – நிகழ்வு ஆய்வு

இத எழுதறது யாரு, எதுக்கு

நான் செட்டு போடற வேலை பாக்கறவன். டிப்ளமா சிவில் முடிச்சிட்டு இருபது வருசமா கோழிச்செட்டு, தறிகுடோன், தேங்கா களத்துக் கூரைன்னு இதே சோலிதான். இங்க எழுதறது பல்லடத்துக்கு தெக்கால ஒரு தோட்டத்துல சித்திரை மாசக் கடைசியில நடந்தது. ஊர் பேரும் ஆளுங்க பேரும் வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, ஆனா நடந்தத நடந்தபடி எழுதுன்னாங்க. அந்த செட்ட ஒம்பது வருசத்துக்கு முன்னாடி போட்டது நான்தான். அதனால வெளியாள் மாதிரி நின்னு என்னால இதப் பாக்க முடியல, படிக்கறவங்க அத மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

பின்னணி

தோட்டம் மொத்தம் ஏழு ஏக்கரா. மேக்கால நாலு ஏக்கரா கொறங்காடு, அதான் ஆடு மாடு மேயற காடு, சுத்தி கிளுவை வேலி, உள்ள அங்கங்க வெள்வேலாமரம். நடுவுல வீடும் கெணறும் கோழிச்செட்டும். கெழக்கால தென்னந்தோப்பு, 110 மரம். வீடு பழைய ஓட்டு வீடு, முன்னாடி ஆசாரம்னு சொல்ற முன்கூடம், பின்னாடி பொடக்காலி இருந்த எடத்துல நாலு வருசம் முன்னாடி கான்கிரீட் தளம் போட்டு ஒரு பாத்ரூம் கட்டியிருந்தாங்க, இந்த பாத்ரூம் பின்னாடி வரும்.

வீட்ல பெரியவர், அவரு சம்சாரம், மகன், மருமக, எட்டு வயசுலயும் பதினொரு வயசுலயும் ரெண்டு பேரப்பசங்க. பெரியவர் எனக்கு தூரத்து மாமன் முறை. செட்டு வேலைக்கு வடக்க இருந்து வந்த ஒரு புருசன் பொண்டாட்டி, செட்டோட மேக்க முனையிலயே தடுத்து விட்ட சீட்டு ரூம்புல தங்கியிருந்தாங்க.

செட்டு 240 அடி நீளம், 26 அடி அகலம், கெழக்கு மேக்கா நீளம். கல்லுக்காலு நட்டு அதுமேல ஜிங்க் பூசின இரும்பு (ஜிஐ) பைப்புல செஞ்ச டிரஸ், அதான் கூரையத் தாங்கற சட்டம், பத்தடிக்கு ஒண்ணு, மேல சிமெண்ட் சீட்டு, பக்கத்துல ஒரு அடி சுவரு, அதுக்குமேல கம்பி வலை, மழைக்கும் குளிருக்கும் இழுத்துக் கட்ட படுதா. உள்ள 28 நாள் கோழி 5,400. குஞ்சு, தீவனம் எல்லாம் கம்பெனியோடது, இவங்களுக்கு வளர்ப்புக் கூலி மட்டும், நம்ம பக்கம் பிராய்லர் போடற முக்காவாசிப் பேரு இப்படித்தான்.

காத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்மூர்ல காத்துன்னாலே ஆடிக் காத்துதான் ஞாபகம் வரும், அம்மியும் பறக்கும்னு சொல்ற காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்து அது, அத நம்பித்தான் உடுமலை, பூளவாடி, கேத்தனூர் பக்கம் அவ்வளவு காத்தாடி நட்டிருக்காங்க. அது நாள்கணக்கா ஒரே தெசையில இருந்து அடிக்கும். கோழிச்செட்ட கெழக்கு மேக்கா போடறது முக்கியமா வெயில் உள்ள விழாம இருக்கத்தான், ஆனா ஆடிக் காத்துக்கும் அது தோதா அமைஞ்சிருது, ஏன்னா குறுகலான முனைதான் மேக்க பாத்து நிக்கும். இந்தக் காத்த மனசுல வெச்சுத்தான் நானும் எங்காளுங்களும் இத்தன வருசமா செட்டு போட்டோம். சித்திரையில கோடை மழையோட எந்தத் தெசையில இருந்தும் வர்ற காத்த நாங்க கணக்குலயே எடுத்ததில்ல. பத்து நிமிசம் அடிச்சிட்டு போயிரும், ரெண்டு சீட்டு ஒடையும், மாத்திக்கலாம்னு விட்டுட்டோம்.

அன்னைக்கு நடந்தது

மூணு நாளா மழையில்ல, ஒரே புழுக்கம். மத்தியானம் கோழியெல்லாம் வாயத் தொறந்து இரைச்சிட்டு இருந்துச்சுன்னு மகன் தண்ணியடிச்சு விட்டிருக்காரு. மூணரை மணிக்கு தெக்கு மேக்கு மூலையில மேகம் கறுத்துருச்சு. நாலு மணிக்கு சில்லுனு ஒரு காத்து வந்து, கூடவே பெருந்தூத்தல், அதுல நாலஞ்சு ஆலங்கட்டி. மழை தெக்க இருந்து உள்ள அடிச்சதால மகனும் வேலையாளும் ஓடிப்போய் தெக்குப் பக்கத்து படுதாவ மொத்தமா இழுத்துக் கட்டிட்டாங்க. வடக்குப் பக்கம் தொறந்தே இருந்துச்சு, அந்தப்பக்கம் சாரல் இல்ல, கோழிக்கு காத்தும் வேணும். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான், யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க.

அப்புறம் காத்து நின்னு போச்சு. ஒரு ரெண்டு நிமிசம் எலை கூட ஆடலைன்னு மருமக சொல்றாங்க. சின்னவன் ஆசாரத்துல நின்னுட்டு செல்லுல வீடியோ எடுத்துட்டு இருந்தான், 41 செகண்டு வீடியோ, நான் அத எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கில்ல. அதுல கொறங்காட்டோட மேக்கு மூலையில செம்மண்ணு ஒரு தூண் மாதிரி எந்திரிக்குது, முதல்ல ஒல்லியா, அப்புறம் ஒரு வீட்டு அகலத்துக்கு விரியுது, வெறகு, பாலித்தீன் பை, வேலி முள்ளு எல்லாம் அதுக்குள்ள சுத்துது. சத்தம் பத்து ஜெனரேட்டர் ஒண்ணா ஓடற மாதிரி. கடைசி மூணு செகண்டுல படம் ஆடுது, அவன் ஆத்தா, அதான் பெரியவரோட சம்சாரம், குரல் மட்டும் கேக்குது, “டேய் கண்ணு, உள்ள வாடா, ஓடு விழுந்துரும்.”

அந்தம்மா ரெண்டு பசங்களையும் மருமகளையும் இழுத்துட்டு நேரா பின்னாடி பாத்ரூமுக்கு போய் கதவச் சாத்திட்டாங்க. எப்படிங் ஆத்தா தோணுச்சுன்னு அப்புறமா கேட்டேன். அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு ஆலங்கட்டி மழையில ஓடு ஒடஞ்சு அவங்க பெரியம்மா தலையில விழுந்திருக்கு, அதுல இருந்தே மழைக்காத்துன்னா ஓட்டுக்கு அடியில நிக்கறதில்லையாம். அவ்வளவுதான் காரணம். ஆனா டொர்னாடோன்னு சொல்ற சுழல்காத்து நிறைய வர்ற நாட்டுல கவர்மெண்டு சொல்லிக் குடுக்கறதும் அதேதான், கீழ்த்தளத்துல, ஜன்னல் இல்லாத, வீட்டுலயே சின்ன ரூம்புக்குப் போ, பாத்ரூமா இருந்தா நல்லது. பெரிய ரூம்ப விட சின்ன ரூம்புல சுவர் கிட்டக்கிட்ட இருக்கும், கூரை தாங்கும்.

மகன் செட்டுக்கிட்ட இருந்தாரு. மண்ணுத்தூணப் பாத்ததும் வேலைக்காரப் பொண்ண ரூம்புல இருந்து வெளிய வரச் சொல்லி கத்தி, மூணு பேரும் கெணத்து மேட்டுக்கு ஓடி கல்லுத்தொட்டிக்குப் பின்னாடி குப்புறப் படுத்துட்டாங்க. மோட்டார் ரூம்பு இன்னும் நாப்பதடி தள்ளி, கான்கிரீட் தளம்தான், ஆனா அதுவரைக்கும் ஓட நேரமில்லைன்னு அவரு முடிவு பண்ணினாரு. அவங்க எந்திரிச்ச அந்த சீட்டு ரூம்பு ஒரு நிமிசத்துல இல்ல.

காத்து முதல்ல தெக்க இருந்து படுதாவ அடிச்சிருக்கு, படுதா உள்பக்கமா உப்பியிருக்கு. அப்புறம் உடனே வடக்க இருந்து அடிச்சிருக்கு. இந்த மாத்தம் அஞ்சாறு செகண்டுக்குள்ளன்னு மகன் சொல்றாரு. வடக்குப் பக்கம் தொறந்திருக்கு, தெக்குப் பக்கம் கட்டியிருக்கு, உள்ள போன காத்து வெளிய போக வழியில்லாம செட்டு ஒரு சாக்குப்பை மாதிரி ஊதியிருக்கு. மேக்குப் பாதி, சுமாரா 120 அடி, சீட்டோட டிரஸ்ஸோட மேல எந்திரிச்சு சாஞ்சிருச்சு. கெழக்குப் பாதி அப்படியே நிக்குது. மொத்தமா ஒரு நிமிசம் கூட ஆகல. அதுக்கப்புறம் கெழக்கால தென்னந்தோப்புல மடமடன்னு மரம் விழுகற சத்தம், கூடவே கொட்டற மழை, இருபது நிமிசம்.

முதல் மூணு மணி நேரம்

வேலையாளுக்கு தோள்பட்டையில சீட்டுத் துண்டு கிழிச்சு ஏழு தையல். மத்த யாருக்கும் ஒண்ணுமில்ல.

மழை விட்டதும் பெரியவர் செட்டுக்குள்ள ஓடப் பாத்திருக்காரு, கோழி கத்தறது தாங்காம. மகன் விடல. செட்டுக்கு வர்ற கரண்டு ஒயர் அறுந்து கம்பி வலை மேல கெடந்துச்சு. லைன்மேனுக்கு போன் பண்ணி, அவரு டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் புடுங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் யாரும் வலையத் தொடக்கூடாதுன்னு நின்னுட்டாரு. நாப்பது நிமிசம் ஆச்சு. ஊருக்குள்ள சில பேரு அந்த நாப்பது நிமிசத்துல எத்தன கோழி போச்சுன்னு பேசுனாங்க. மறுநாள் லைன்மேன் வந்து பாத்துட்டு ஒயர் வலையில பட்டுட்டுதான் இருந்துச்சுன்னு சொன்னாரு, ஈர மண்ணு, இரும்பு வலை. மகன் எடுத்த முடிவுலயே இதுதான் பெருசுன்னு நான் நெனைக்கறேன், செட்டு மறுபடி போட்டுக்கலாம், அன்னைக்கு அவரு தடுக்கலைன்னா நாங்க பெரியவர எடுத்து வெச்சிருப்போம்.

உள்ள போனப்ப சீட்டுக்கு அடியில சிக்கி செத்தது அறுநூறு கோழி இருக்கும். மிச்சத்த டார்ச் வெளிச்சத்துல கெழக்குப் பாதிக்கு ஓட்டி நடுவுல வலை கட்டினாங்க. ஆனா கெழக்குப் பாதியிலயும் எரு நனஞ்சிருச்சு, கரண்டு இல்ல, வெளிச்சமில்ல. பயந்த கோழி, நனஞ்ச கோழி மூலைக்குப் போய் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி குவிஞ்சுக்கும், அடியில இருக்கறது மூச்சுத் திணறி செத்துரும். வெடியால எண்ணினப்ப மொத்தம் 1,900. காத்து கொன்னத விட ராத்திரி குவிஞ்சு செத்தது ரெண்டு மடங்குக்கு மேல.

ராத்திரி எட்டு மணிக்கு பெரியவர் எனக்கு போன் பண்ணினாரு. “மாப்ள, நீ போட்ட செட்டு பாதி போயிருச்சு”ன்னாரு. கோவமா சொல்லல. அதுதான் எனக்கு தூக்கமே வரல. வெடியால வர்றனுங் மாமா, நான் வர்ற வரைக்கும் சீட்ட மட்டும் அள்ள வேண்டாமுங்கன்னு சொன்னேன்.

மறுநாள் தரையில பாத்தது

ஆறரைக்கு போயிட்டேன். அதுக்குள்ள சின்னவன் வீடியோ ஊரெல்லாம் சுத்திருச்சு, பல்லடத்துல டொர்னாடோன்னு போட்டு, அமெரிக்காவுல எடுத்த ஏதோ ஒரு படத்தையும் கூட ஒட்டி. வந்து பாக்கற சனம் வேற. கம்பெனிக்காரங்க செத்த கோழிய உடனே புதைக்கணும்னாங்க, அது சரிதான், நாறிப்போனா நோய் வரும். சீட்டையும் அள்ளிட்டா தேவலைன்னு ஒறம்பரை, சொந்தக்காரங்க சொன்னாங்க. நான் ரெண்டு மணி நேரம் கேட்டு வாங்கினேன். கோழிய மட்டும் எடுத்துட்டு, ஒவ்வொரு பெரிய சீட்டுத் துண்டுலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு, கெடந்த எடத்த போட்டோ எடுத்து, விழுந்த ஒவ்வொரு மரமும் எந்தத் தெசைக்கு விழுந்திருக்குன்னு செல்லுல காம்பஸ் வெச்சு நோட்டுல எழுதினேன். சிமெண்ட் சீட்டு ஒடஞ்ச தூள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது, அதனால தண்ணி தெளிச்சு, முகத்துக்கு மாஸ்க் போட்டுத்தான் எல்லாரும் தொட்டோம்.

விழுந்த மரத்த வெச்சு காத்தப் படிக்கறது புதுசில்ல. ஃபுஜிட்டான்னு ஜப்பான்காரர் ஒருத்தர், 1945ல நாகசாகியில அணுகுண்டு விழுந்த எடத்துக்குப் போய் அடிபட்ட பொருளெல்லாம் நடுவுல இருந்து எல்லாப் பக்கமும் வெளிய பாத்து சாஞ்சிருக்கறத கவனிச்சவர். பின்னாடி அமெரிக்காவுல 1974 ஏப்ரல்ல ஒரே நாள்ல ஏகப்பட்ட டொர்னாடோ வந்துச்சு, அத விமானத்துல இருந்து பாக்கறப்ப சில எடத்துல மரம் சுழிச்சு விழுகாம அதே நட்சத்திர மாதிரி விழுந்திருக்கறத பாத்தாரு. மேகத்துல இருந்து குளுந்த கனமான காத்து மழையோட அப்படியே கீழ விழுந்து தரையில மோதி நாலாபக்கமும் பாயுதுன்னு அவரு சொன்னது அதுக்கப்புறம்தான். 1975ல நியூயார்க்ல ஒரு விமானம் எறங்கறப்ப நொறுங்குனதுக்கும் அதான் காரணம்னு கண்டுபுடிச்சாரு. சுருக்கமா, உள்பக்கமா சுழிச்சு விழுந்தா சுழல், வெளிப்பக்கமா விரிஞ்சு விழுந்தா கீழ்பாய்ச்சல்.

இங்க ரெண்டும் இருந்துச்சு.

கொறங்காட்டுல மேக்கு மூலையில இருந்து செட்டு வரைக்கும், தெக்கு மேக்குல இருந்து வடக்கு கெழக்கா, சுமாரா 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு, அகலம் நாப்பது மீட்டருக்குள்ள. அந்தக் கோட்டுல 14 வெள்வேலாமரம் அடிபட்டிருந்துச்சு. கோட்டுக்கு தெக்குப் பக்கம் இருந்தது வடக்கும் வடகெழக்குமா சாஞ்சிருக்கு, வடக்குப் பக்கம் இருந்தது தெக்க பாத்து. கிளுவை வேலியில 35 அடி படுத்துருச்சு, அது படுத்த விதம்தான் எனக்கு சந்தேகத்த தீத்துச்சு, ரெண்டு முனையும் நடுவப் பாத்து சாஞ்சு, நடுவுல இருக்கற குச்சியெல்லாம் வேரோட முறுக்கிட்டுக் கெடந்துச்சு, ஈரத்துணிய பிழிஞ்சு போட்ட மாதிரி. நிக்கற மரத்துல செம்மண்ணு அடி மரத்தச் சுத்தி நாலாபக்கமும் அப்பியிருந்துச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் இட்டேரி (வேலிக்கு நடுவுல போற தடம்), அதுக்கும் அந்தப்பக்கம் எழுபது மீட்டர் தள்ளி ஒருத்தரோட பந்தல் பாவைக்கா, ஒரு கம்பி கூட அறுகல.

தென்னந்தோப்புல 18 மரம் விழுந்திருக்கு. எல்லாம் வடகெழக்குல இருந்து தென்கெழக்கு வரைக்கும் விசிறிய விரிச்ச மாதிரி, வெளிய பாத்து. மண்ணு மரத்தோட மேக்குப் பக்கம் மட்டும்தான் ஒட்டியிருந்துச்சு. தோப்புல ஒண்ணுகூட உள்ள பாத்து விழுகல.

டொர்னாடோவா, இல்லையா

வெயில் நேரத்துல காட்டுல சுத்தற பேய்க்காத்து வேற. அது மேகமே இல்லாம தரைச் சூட்டுல இருந்து எந்திரிக்கறது, சருகத் தூக்கும், செட்டத் தூக்காது. டொர்னாடோங்கறது இடிமேகத்துல இருந்து தரை வரைக்கும் சேந்தாப்பல சுத்தற காத்து. அது பலமா வரணும்னா சூடும் ஈரமும் மட்டும் பத்தாது, மேல போகப் போக காத்தோட வேகமும் தெசையும் நல்லா மாறணும். சித்திரை வைகாசியில வங்காளம், ஒடிசா, பங்களாதேஷ் பக்கம் கீழ கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து, மேல வேகமா ஓடற மேக்கத்திக் காத்துன்னு அந்த மாத்தம் கெடைக்குது, அதனாலதான் 1989 ஏப்ரல் 26ல பங்களாதேஷ்ல சுமார் 1,300 பேரு ஒரே டொர்னாடோல செத்தாங்க, 1998 மார்ச்ல ஒடிசா வங்காள எல்லையில வந்துச்சு. டெல்லியிலயே 1978 மார்ச் 17ல வந்து 28 பேரு செத்திருக்காங்க. நம்ம பக்கம் கோடையில சூடு இருக்கு, ஈரம் இருக்கு, ஆனா மேல காத்து அவ்வளவா மாறாது. அதனால அந்த அளவு சுழல் இங்க அபூர்வம்.

வீடியோவுல மேகத்துல இருந்து தும்பிக்கை மாதிரி எதுவும் எறங்கல, மண்ணுத்தூண் தரையில இருந்துதான் எந்திரிக்குது. முன்னாடியே சில்லுக்காத்து அடிச்சு போயிருக்கு. நான் எழுதி வெச்சத எல்லாம் பாத்துட்டு எடுத்த முடிவு இது: மேகத்துல இருந்து விழுந்த குளுந்த காத்து தரையில பாயறப்ப, அதோட முன்முனையில, சூடான காத்தோட உரசற எடத்துல ஒரு சின்ன சுழல் பொறந்திருக்கு, ரெண்டு நிமிசம் உயிரோட இருந்து, கொறங்காட்டக் கடந்து செட்டோட மேக்குப் பாதியில ஏறிட்டு செத்துப் போச்சு. பின்னாடியே வந்த பெரும்பாய்ச்சல் தென்னைய சாச்சிருக்கு. மேகத்தோட சேராத இந்த மாதிரி சுழல டொர்னாடோ கணக்குல சேக்க மாட்டாங்க. பெரியவர்கிட்ட சொன்னேன், “செட்டுக்கு அந்தப் பேரு தெரியுமா மாப்ள?”ன்னு கேட்டாரு. அவரு கேட்டது சரி. நாப்பது மீட்டர் அகலத்துக்குள்ள நிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கொக்கி

நான் சாயங்காலம் வரைக்கும் தரையில கெடந்த ஜே கொக்கியெல்லாம், அதான் சீட்ட கூரைச் சட்டத்தோட மாட்டிப் புடிக்கற வளஞ்ச கம்பி, பொறுக்கி ஒரு சிமெண்ட் சாக்குல போட்டேன். 214. வீட்டு ஆசாரத்துல கொட்டி பிரிச்சோம், பெரியவரும் உக்காந்து பிரிச்சாரு. 61 கொக்கி வளைவே போய் ஆணி மாதிரி நேரா நீண்டிருச்சு, இதெல்லாம் ஓரத்து டிரஸ்ல இருந்தது. 97 கொக்கி துருப்புடிச்சு, மரை இருக்கற எடத்துல பென்சில் முனை அளவுக்கு அரிச்சு ஒடஞ்சிருந்துச்சு. மிச்சம் 56 நல்லாத்தான் இருக்கு, சீட்டு அதச் சுத்தி கிழிஞ்சு போயிருக்கு.

துருவுக்கு காரணம் கோழி எரு. அதுல இருந்து வர்ற அம்மோனியா மேல ஏறி சீட்டுக்கு அடியிலயே நிக்கும், ஜிங்க் பூச்ச அரிச்சிரும். தறிகுடோன்ல இருபது வருசம் நிக்கற கொக்கி கோழிச்செட்டுல பத்து வருசத்துக்கு தாங்காது. எனக்கு அது தெரியாதுன்னு சொல்ல முடியாது, பழைய செட்டு பிரிக்கறப்ப பாத்திருக்கேன். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கொக்கிய மாத்துங்கன்னு செட்டு போட்டுக் குடுக்கறப்ப நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

கணக்கு என்னன்னா, நம்ம ஊருக்கு கட்டடம் டிசைன் பண்ண இருக்கற இந்தியத் தர விதி, ஐஎஸ் 875 மூணாம் பாகத்துல கோயமுத்தூருக்கு போட்டிருக்கற காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்துல ஒரு சதுர அடிக்கு சுமாரா எட்டரைக் கிலோ அழுத்தம் வருது. சிமெண்ட் சீட்டோட எடை சதுர அடிக்கு ஒண்ணேகால் கிலோ. அந்த அழுத்தம் தூக்கற பக்கம் வேலை செஞ்சா சீட்டோட கனம் எதுக்கும் ஆகாது, கூரைய கீழ புடிச்சு வெச்சிருக்கறது கொக்கிதான். இன்னொண்ணு, கூரையோட ஓரத்துலயும் மூலையிலயும் இழுப்பு நடுவுல இருக்கறத விட எச்சா இருக்கும். நான் ஓரம் நடு எல்லாத்துக்கும் ஒரே எண்ணிக்கைதான் போட்டிருந்தேன். அதுமேல ஒரு பக்கம் படுதா கட்டி மறுபக்கம் தொறந்திருந்ததால உள்ள இருந்தும் தள்ளியிருக்கு.

அதனால செட்டு போனத வெச்சு காத்து பயங்கரம்னு சொல்றது தப்பு. அரிச்ச கொக்கிக்கு கொஞ்சம் காத்தே போதும். ஓட்டு வீட்ல அறுபது ஓடு மட்டும் போயிருக்கறது, வெள்வேலாமரத்துல கெளையும் சில மரம் வேரோடயும் போயிருக்கறது, இத வெச்சு மணிக்கு நூத்திப்பத்துல இருந்து நூத்திமுப்பதுக்குள்ள இருக்கும்னு நான் வெச்சிருக்கேன், டொர்னாடோ பலத்த அளக்கற திருத்தின ஃபுஜிட்டா அளவுகோல்ல அடிப்படி, ஈஎஃப் 0, அதுவே மணிக்கு 105ல இருந்து 137 கிலோமீட்டர் வரைக்கும்.

அறிக்கையும் பணமும்

கிராம நிர்வாக அலுவலர் மறுநாளே வந்து பாத்து சூறைக்காத்துன்னு எழுதிட்டு போனாரு. பேரிடர் நிவாரணத்துக்கு மத்திய அரசு பட்டியல்ல அப்ப இருந்தது 12 வகை, புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மாதிரி. சூறைக்காத்து அதுல இல்ல, மாநிலம் தன் பங்கா பத்து சதவீதத்துக்குள்ள உள்ளூர்ப் பேரிடருக்கு குடுக்கலாம். பயிருக்கு 33 சதவீதம் சேதம் இருக்கணும். 110 தென்னையில 18ன்னா 16 சதவீதம்தான் வருது. செட்டு வீடு கணக்குல வராது. கோழி இவங்களோடதே இல்ல. அந்த வழியில ஒண்ணும் வரல.

செட்டு மேல பாங்க் லோன் ஓடிட்டு இருந்ததால தீ இன்சூரன்ஸ் பாலிசி ஒண்ணு இருந்துச்சு. அதுல புயல், சூறாவளி, டொர்னாடோ, வெள்ளம் எல்லாம் ஒரே வரியில வருது, அதனால பேரு என்னங்கறது அங்க பிரச்சனை ஆகல. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தப்ப நம்பர் போட்ட சீட்டுப் படம், மரத்துக் கணக்கு, வீடியோ எல்லாம் குடுத்தேன், இது காத்துல போனதுதான்னு அவருக்கு ஒரு கேள்வியும் இல்ல. ஆனா அவரு கொக்கியக் கேட்டாரு. முந்துன நாள் ராத்திரி ஒறம்பரையில ஒருத்தர் அந்த சாக்க கெணத்துல போட்டுரு, துரு கதையெல்லாம் எதுக்குன்னு சொல்லியிருந்தாரு. நான் பெரியவரப் பாத்தேன். “இருக்கறதக் காட்டு மாப்ள, நாளைக்கு இன்னொருத்தன் செட்டுக்கு ஆகும்”னாரு. சாக்க எடுத்து வெச்சேன். தேய்மானம்னு கழிச்சு, போட்ட மதிப்புல பாதிக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. காட்டாம இருந்திருந்தா எச்சா வந்திருக்குமான்னு எனக்குள்ள இன்னும் கேட்டுட்டுதான் இருக்கு, ஆனா அன்னைக்கு மறைச்சிருந்தா இத எழுத எனக்கு யோக்கியதை இருந்திருக்காது. பத்தாத பணத்துல ஒரு பங்குக்கு என் கூலிய விட்டுக் குடுத்தேன், பெரியவர் வேண்டாம்னுதான் சொன்னாரு.

திருப்பிக் கட்டினது

ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சோம். சிமெண்ட் சீட்டுக்கு பதிலா கலர் பூசின இரும்பு சீட்டு, கொக்கிக்கு பதிலா ரப்பர் வாஷரோட ஸ்குரூ, ஓரத்துல நாலடி அகலத்துக்கும் மூலையிலயும் ரெண்டு மடங்கு. இரும்பு சீட்டுல சூடு உள்ள எறங்கும்னு மகன் பயந்தாரு, மேல வெள்ளைப் பெயிண்டும் மத்தியானத்துல தண்ணித் தெளிப்பானும் வெச்சோம். டிரஸ்ஸ கல்லுக்காலோட யு கிளாம்ப் போட்டு கட்டினோம், முன்னாடி சிமெண்ட் கலவையில உக்கார வெச்சது மட்டும்தான். மேக்கு முனையில வேலையாளுக்கு பத்துக்கு பத்து செங்கல் சுவரு, கான்கிரீட் தளம், ஜன்னல் சின்னதா. இது பெரியவர் கேட்டது, அதுக்கு நான் விலை கூட சொல்லல.

அடுத்த வருசம் வைகாசியில ஒரு காத்து வந்துச்சு, சுழல் இல்ல, நேர்க்காத்து. கரண்டு போச்சு, தோப்புல மூணு மரம் சாஞ்சுச்சு, செட்டுல ஒரு ஸ்குரூ கூட அசையல. வேலைக்காரப் பொண்ணு மேகம் கறுத்ததும் யாரும் சொல்லாமயே அந்த ரூம்புக்குள்ள போயிட்டாளாம்.

இப்ப மாத்திச் செய்யறது

படுதா முதல்ல. மழைமேகம் கறுத்து காத்து வந்துட்டா ரெண்டு பக்கமும் கட்டு, இல்ல ரெண்டு பக்கமும் அவுத்து விடு, கோழி நனஞ்சாலும் பரவால்ல, ஒரு பக்கம் மட்டும் கட்டி வெக்காத. நடுவுல காத்து நின்னா முடிஞ்சதுன்னு வெளிய வராத, அன்னைக்கு அந்த ரெண்டு நிமிசம்தான் சின்னவன் ஆசாரத்துக்கு வந்தது.

கோழி குவியறதுக்கு நாப்பதடிக்கு ஒரு தடுப்பு, குஞ்சு விடறப்ப வட்டமா வெப்பாங்களே அந்த தகட்டையே எடுத்து வெச்சாலும் போதும். பேட்டரி லைட்டு நாலு செட்டுலயே தொங்கணும். இருட்டுதான் எச்சா கொன்னுச்சு.

ஒயர் விழுந்தா லைன்மேன் சொல்ற வரைக்கும் வலையத் தொடாத. லைன்மேன் நம்பர செட்டு சுவத்துல பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கோம்.

சீட்ட அள்ளறதுக்கு முன்னாடி படம். மரம் விழுந்த தெசை, எந்தப் பக்கம் மண்ணு அப்பியிருக்கு, வேலி எப்படி படுத்திருக்கு. மழை ரெண்டு தடவ பேஞ்சா மண்ணு கழுவிரும், ஆடு மாடு நடந்தா வேலி போயிரும், அப்புறம் யாரு வந்தாலும் ஒண்ணும் தெரியாது.

எனக்கானது கொக்கி. நான் கோழிக்குன்னு போட்டு ஆறு வருசத்துக்கு மேல ஆன செட்டு சுத்துவட்டாரத்துல பதினொண்ணு இருந்துச்சு. எல்லா வீட்டுக்கும் போய் அந்த 97ல இருந்து ஒரு கொக்கிய கையில குடுத்துட்டு விசயத்தச் சொன்னேன். ஆறு செட்டுல மாத்தி முடிச்சாச்சு. மிச்சம் அஞ்சுக்கு சாமான் வாங்கி வெச்சிருக்கேன், ஒவ்வொருத்தருக்கும் இந்த பேட்ச் கோழி ஏத்துனதும் அடுத்த குஞ்சு எறங்கறதுக்குள்ள பதினஞ்சு நாள் கெடைக்கும், அதுல வேலைய ஆரம்பிக்கறோம்.